மருமகளுக்கு மாமியார் சாட்சி

கன்னியம்மாவின் குரல் எர்ணாவூர் ரயில்வே கேட்வரை கேட்கும். கூட்ஸ் வண்டி போகும்போதும் கேட்கும் என்பான் அவளுடைய மகன் அசோகன், அம்மா பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து. எண்ணூர் சாலையில் ஒரு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டு உளுந்து போண்டா விற்றாள். துறைமுகத்துக்குள் நுழைய நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி டிரைவர்கள்தான் வாடிக்கை. ஆந்திராக்காரர், பஞ்சாபி, நாமக்கல்காரர் எல்லோரையும் ஒரே பாஷையில் திட்டுவாள். எல்லோருக்கும் புரியும்.

புருஷன் அப்பாவு குடித்தே போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. யாராவது அனுதாபமாகக் கேட்டால், "பேருதான் அப்பாவு. ஆளு இன்னா அப்பாவியா?" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

துறைமுகத்தில் கூலி வேலை செய்த அசோகன், 1999இல் வியாசர்பாடியிலிருந்து எழில்மொழியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். பத்தாவது முடித்த பெண். பௌத்தக் குடும்பம். வந்த முதல் நாளே சண்டை ஆரம்பித்தது. கன்னியம்மாவின் நாக்கில் 'ழ' ஏறாது.

"எயிலு, தண்ணி கொண்டா."

"எழில், அத்தை. எழில்மொழி. நல்ல தமிழ்ப் பேரு."

"அதத்தான் சொன்னேன். எயிலுமொயி."

அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் எழில்மொழி ஒரு புத்தர் படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "கண்ண மூடிகினு குந்திகினு கீற சாமி இன்னாத்த பாக்கும்?" என்றாள் மாமியார். "கண்ண முழிச்சிகினு கீற உங்க சாமி இன்னாத்த பாத்துச்சி? குடத்த வெச்சி ரெண்டு நாளாச்சி, தண்ணி லாரி வர்ல" என்றாள் மருமகள். கன்னியம்மாவுக்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பதில் சொல்லும் ஆள் கிடைத்திருந்தது. அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அதற்குச் செங்கொடி என்று பேர் வைத்ததற்கு ஒரு மாதம் சண்டை நடந்தது.

2002இல் சண்டை போலீஸ் ஸ்டேஷன்வரை போனது. காரணம் இருவருக்குமே பிறகு ஞாபகமில்லை. ஸ்டேஷன் வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். "நல்லா காரமா எயுது நைனா" என்றாள் கன்னியம்மா. அவர் எழுதினார்: மேற்படி மருமகள் வீட்டு வேலை ஏதும் செய்வதில்லை, பத்துப் பைசா சம்பாதிப்பதில்லை, பகல் முழுக்க உறங்குகிறாள், எனக்குக் கொலை மிரட்டல் விடுக்கிறாள். கன்னியம்மா கைநாட்டு வைத்தாள். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வீட்டு வாசலில் இறங்கியதும் ஆட்டோவுக்கு யார் பணம் கொடுப்பது என்று மறுபடி சண்டை. கடைசியில் எழில்மொழிதான் கொடுத்தாள்.

அந்தச் சமயம் அவள் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கூடை உரித்தால் ஷெட் எண் அச்சடித்த ஒரு அலுமினிய டோக்கன். சனிக்கிழமை டோக்கன்களைக் கொடுத்தால் மேஸ்திரி பணம் கொடுப்பார். பதிவேடு என்று எதுவும் கிடையாது. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய், உடம்பு முழுக்கக் கவிச்சி வாடையோடு வருவாள். "தள்ளிப் படு, பூன தூக்கிகினு பூடும்" என்பாள் மாமியார்.

2003 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை. ஹபீபுல்லா என்பவரின் ஷேர் ஆட்டோவில் எழில்மொழி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். எதிர் சீட்டில் மகிமா என்ற பெண். பத்தொன்பது வயது, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி நிற்கவில்லை. வரிசையில் இரண்டு நாள் தூங்காமல் கிடந்த டிரைவர், பிரேக்கை மிதித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. ஆட்டோவில் இருந்த மூன்று பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

செய்தி சொல்ல ஓடிவந்த ஆளைக் கன்னியம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு திட்டினாள். "எவன்டா சொன்னான்? வாய கயுவு." பிறகு வண்டியையும் கொதிக்கிற எண்ணெயையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சாலையில் கிடந்த பையை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அழவில்லை. பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். போலீஸ்காரர் வந்து அதை வாங்கிக்கொள்ளும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், பிணவறை வாசலில் வெள்ளைச்சட்டை போட்ட ஒரு புரோக்கர் அசோகனின் தோளில் கைபோட்டார். "இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போடு தம்பி. கேஸ் எல்லாம் நான் பாத்துக்கறேன். வர்ற நஷ்டஈடு பாதிக்குப் பாதி." அசோகன் பேனாவை வாங்கிக்கொண்டான். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கியிருப்பான். கன்னியம்மா நடுவில் வந்து நின்றாள்.

"பாதி ஒனக்கா?"

"ஆமாம்மா, அதான் வழக்கம்."

"சரி. இங்க குந்து. பாதி அயுகய நீ அயு. அயுதுட்டு வாங்கிக்க."

புரோக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அயு நைனா, நேரமாவுது" என்றாள் அவள். வரிசையில் நின்ற ஜனம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் பேனாவைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அன்றே மறியல் நடந்தது. எண்ணூர் சாலையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஜீப்பில் வந்த அதிகாரி, இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா இருபத்தைந்தாயிரம் நிவாரணம் என்று அறிவித்தார். கன்னியம்மா, மோதிய லாரியைக் கையால் காட்டினாள்.

"அந்த டப்பாக்குள்ள இன்னா சார் கீது?"

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஏற்றுமதிக்குப் போகும் தோல் செருப்பு என்று பதில் வந்தது.

"அது எரிஞ்சி போச்சின்னா இன்சூரன்சு எவ்ளோ வரும்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?"

சரக்கோடு வந்த கிளார்க், பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். "நாப்பது லட்சம்" என்று சொல்லிவிட்டார்.

"செருப்புக்கு நாப்பது லட்சம். செருப்பு போட்ற ஆளுக்கு இருவத்தஞ்சாயிரம். இன்னாய்யா கணக்கு இது?"

அன்றைக்கு முழுக்க மறியலில் அதுதான் கோஷம். அதிகாரி ஐம்பதாயிரத்துக்கு ஏற்றினார். ஆறு மாதம் கழித்து, ஒரு மேடையில், சால்வை போர்த்திக்கொண்ட வட்டச் செயலாளர்கள் நான்கு பேர் ஒரே காசோலையை நான்கு முனையிலும் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டபின் அது அசோகன் கைக்கு வந்தது.

போலீஸ் திருப்பித் தந்த பையில் ஒரு சீப்பு, செங்கொடிக்கு வாங்கிய ஒரு ரிப்பன், நாற்பத்தொன்பது டோக்கன்கள் இருந்தன. நாலு நாள் உழைப்பு. கன்னியம்மா ஷெட்டுக்குப் போனாள். மேஸ்திரி உடனே பணத்தை எடுத்தார். "டோக்கன குடுத்துட்டு துட்ட வாங்கிக்கம்மா. ஆனா அந்தப் பொண்ணு இங்க வேல செஞ்சிதுன்னு எங்கயும் சொல்லிடாத. எனக்கு ஆயிரம் பேஜாரு." அவள் டோக்கன்களை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டாள். பிற்பாடு வக்கீல் யேசுதாஸ், "எப்படிம்மா அவ்வளவு புத்திசாலித்தனமா யோசிச்சீங்க?" என்று கேட்டார். "புத்தியா? அவன் கேட்டான். அதனால குடுக்கல" என்றாள்.

யேசுதாஸின் அலுவலகம் ராயபுரத்தில், மீன்வலை விற்கும் கடைக்கு மாடியில் இருந்தது. அதிகம் சிரிக்காத மனிதர். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து, லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் அவரே வழக்குப் போட்டார். மகிமாவின் அப்பா ஜோபின் நாகர்கோவில் பக்கத்துக்காரர், திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஹபீபுல்லாவின் தம்பி தமீம் வாடகை ஆட்டோ ஓட்டி அண்ணன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டான். இவர்களும் கன்னியம்மாவும் இரண்டு வருஷம் பாரிமுனை கோர்ட்டுக்கு நடந்தார்கள். ஒரு நாள் நீதிபதி லீவு. ஒரு நாள் கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல். ஒரு நாள் கேஸ் கட்டு கிடைக்கவில்லை. "இந்த கோர்ட்டுல அவ செத்ததே இன்னும் தெரியல போல" என்றாள் கன்னியம்மா.

2005இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச இன்சூரன்ஸ் கம்பெனி முன்வந்தது. எழில்மொழி வருமானம் இல்லாத குடும்பப் பெண், ஆகவே ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மகிமா படித்துக்கொண்டிருந்தவள், ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஹபீபுல்லாவுக்கு இரண்டு லட்சம். வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள்.

"வாங்கிட்டுப் போயிருவோம்க்கா" என்றார் ஜோபின். "பிள்ள போயிட்டா. இன்னும் துட்டுக்கு நிக்கியேன்னு எனக்கே கேவலமா இருக்கு."

"இன்னாத்துக்கு கேவலம்? ஒன் கடைல பருப்பு எட கொறஞ்சா வாங்கறவன் சும்மா போவானா?"

"போவ மாட்டான்."

"இது நம்ம புள்ளைங்கோ எட தம்பி. கொறச்சி போட்றான். நிறுத்து காட்டுன்னு கேக்கறோம். அவ்ளோதான்."

ஜோபின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட உள்ளே போகவுமில்லை.

தமீம் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "யக்கா, அண்ணிக்கு ஆறு மாசம் வாடக பாக்கி. பசங்க ஸ்கூலு வேற. எனக்கு முடியலக்கா."

"நீ வாங்கிக்கடா. தப்பேயில்ல."

அவன் வாங்கிக்கொண்டான். கடன் போக மிச்சத்தில் பழைய ஆட்டோ ஒன்று வாங்கினான். அவனை ஒரு நாளும் அவள் குத்திக்காட்டியதில்லை. கன்னியம்மா பேசாமல் விட்ட விஷயம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அவனே சொல்வான்.

சாட்சி விசாரணை 2007இல் வந்தது. முதலில் ஷெட் மேஸ்திரி கூண்டில் ஏறினார். எழில்மொழியைத் தெரியாது, இந்த டோக்கனையும் பார்த்ததில்லை என்றார். அடுத்து ஜோபின் ஏறினார். இறால் உரிக்கும் பெண்கள் அவர் கடையில் அவசரத்துக்கு டோக்கனைக் கொடுத்து அரிசி வாங்குவதும், அதை அவர் மேஸ்திரியிடம் கொடுத்துப் பணமாக்குவதும் பல வருஷப் பழக்கம். கடை கல்லாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி டோக்கனை மேசையில் கொட்டினார். அதே அச்சு, அதே எண். "போன வாரம்கூட இதே மாதிரி டோக்கன இவருதான் மாத்தித் தந்தாரு" என்றார் மேஸ்திரியைக் காட்டி. மேஸ்திரிக்கு ஞாபகசக்தி மெதுவாகத் திரும்பியது.

பிறகு கன்னியம்மா ஏறினாள்.

"இறந்தவர் பெயர்?"

"எயிலுமொயி."

தட்டச்சு செய்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதியே எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

யேசுதாஸின் கேள்விகள் சுலபமாகப் போயின. அடுத்து கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஒரு பழைய தாள் இருந்தது.

"இந்தக் கைநாட்டு உங்களுடையதா?"

"ஆமா. என்துதான்."

அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். வீட்டு வேலை ஏதும் செய்வதில்லை. பத்துப் பைசா சம்பாதிப்பதில்லை. பகல் முழுக்க உறங்குகிறாள். யேசுதாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். இப்படி ஒரு மனு இருப்பது அவருக்குத் தெரியாது. சொன்னால்தானே தெரியும்?

"இது உண்மையா, பொய்யா?"

"பொய்யி."

"முழுவதுமா?"

"மொத்தமும். அவ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல."

"பொய்ப்புகார் கொடுப்பது குற்றம், தெரியுமா?"

"மாமியாருங்க மருமவ மேல சொல்ற பொய்க்கெல்லாம் ஜெயில்ல போட்டா, இப்ப புதுசா பெரிய ஜெயிலு கட்டிகீறாங்களே, அது பத்தாது சார்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கேஸ் கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். கம்பெனி வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்றைக்குச் சொன்னது பொய். இன்றைக்குப் பணம் வரும் என்பதால் மாற்றிச் சொல்கிறீர்கள். அப்படித்தானே?"

கன்னியம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் இருந்த அசோகன், அம்மா வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தான்.

"துட்டுக்குதான் வந்துகீறேன்" என்றாள் கடைசியில். "இல்லன்னா நாலு வருசமா இங்க வந்து ஒன் மூஞ்ச பாக்கணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? ஆனா ஒண்ணு கேளு. அவ சும்மா குந்திகினு இருந்திருந்தா நான் இன்னாத்துக்கு சண்ட போடப்போறேன்? வூட்டுல எத எடுத்தாலும் அவ முன்னாடியே செஞ்சி வெச்சிருப்பா. எனக்கு ஒரு எடமே இல்லாம பூடும். அதுக்குதான் சண்ட. என் கட போண்டாவுக்கு லாரிக்காரனெல்லாம் வண்டிய நிறுத்துவான். அந்த மாவு அவ அரைச்சது. விடியகாலம் தண்ணி புடிச்சி வெச்சி, உளுந்த ஆட்டி வெச்சிட்டு எறா உரிக்க போவா. நல்லாகீதுன்னு ஒரு நாளு சொல்லல. சொன்னா திமிரு ஏறும்னு வுட்டுட்டேன்."

நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"அவ செத்தப்புறம் ஒரு வாரம் கட போடல. துக்கம்னு நெனச்சாங்கோ. துக்கம் ஒரு பக்கம் சார். மாவு ஆட்ட ஆளில்ல. அந்த மனு குடுத்த அன்னிக்கி ஆட்டோ துட்டு அவதான் குடுத்தா. பத்து பைசா சம்பாதிக்காதவ எங்கேர்ந்து குடுத்தா?"

நீதிபதி பேனாவை வைத்தார். "மாவாட்ட ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும்மா?"

"வெச்சி பாத்தேன் சார். மாசம் அறநூறு. ஒரே மாசத்துல ஓடிட்டா, என் வாய் தாங்காம. எயிலு நாலு வருசம் தாங்குனா. அதுக்கு எவ்ளோன்னு நீங்கதான் போடணும்."

அந்த வருஷக் கடைசியில் தீர்ப்பு வந்தது. டோக்கன் கணக்கை வைத்து மாத வருமானம் மூவாயிரம் என்று எடுத்துக்கொண்டு, மொத்தம் நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். ஜோபினுக்கு மூன்றரை லட்சம். அதை என்ன செய்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தொகையுமே கம்பெனி கொடுப்பதாகச் சொன்னதைப்போல் மூன்று மடங்கு. அசோகன் யேசுதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கன்னியம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"எறா கணக்கு வந்திச்சி. மாவு எங்க?"

"எந்த மாவும்மா?"

"கேட்டாரே ஜட்ஜு, மாவாட்ட எவ்ளோன்னு. வூட்டு வேல, தண்ணி, கொயந்த. அத இதுல போடல. மேல போலாம்."

மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னும் வருஷக்கணக்கில் ஆகும், கம்பெனியும் குறைக்கச் சொல்லி எதிர்மனு போடும் என்று யேசுதாஸ் எச்சரித்தார். அசோகனும் வேண்டாம் என்றான். "நீ வாய மூடுடா. அவ செஞ்ச வேலய நீ எங்க பாத்த? நான் பாத்தேன்" என்றாள்.

2009இல் உயர் நீதிமன்றம் வீட்டு வேலைக்கும் மாதம் ஆயிரம் சேர்த்தது. தொகை ஐந்து லட்சத்து எழுபத்து நாலாயிரம் ஆனது. அதில் பெரும்பங்கு செங்கொடி பெயரில், அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை தொடமுடியாதபடி வங்கியில் போய் உட்கார்ந்தது. கன்னியம்மாவின் பங்கு ஐம்பதாயிரம். முதல் வேலையாக ஒரு கிரைண்டர் வாங்கினாள். வாங்கிய மறுநாளிலிருந்து அதைத் திட்டத் தொடங்கினாள்: கரண்ட் போனால் பாதியில் தூங்கிவிடுகிறது, சொன்னால் எதிர்த்தும் பேசுவதில்லை.

தீர்ப்பு நகல் வந்த அன்று ராயபுரத்துக்குப் போனாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பணக் கணக்கை யேசுதாஸ் விளக்கியபோது அவள் சரியாகக் காதுகொடுக்கவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒரு வரியைத் தமிழில் சொன்னார்: "இறந்துபோன எழில்மொழி உழைப்பாளியாகவும், தன் குடும்பத்தைத் தாங்கியவராகவும், எல்லா வேலையிலும் திறமைசாலியாகவும் இருந்திருக்கிறார் என்பது மாமியாரின் சாட்சியத்தால் தெளிவாகிறது."

"எல்லா வேலயிலயுமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அவ்ளோலாம் இல்ல சார். மீன் கொயம்பு வெக்கத் தெரியாது. புளி கரைச்ச தண்ணில மீன வுட்டு எடுத்தா மாரி இருக்கும்."

யேசுதாஸ், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, சத்தமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சரி, இன்னொரு தபா படி."